என் காதின் இரைச்சலும் பேத்தியின் தூக்கமும்

சென்ற ஆண்டு சித்திரை மாதம், செங்கல்பட்டில் ஒரு மாடியறைக்குள்ளே நடந்தது இது. வெளியே ஊரே வெயிலில் வறுபட்டுக்கொண்டிருந்தது. நான் அரசு பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். மழை, புயல், விபத்து என்று சாலையில் என்னென்னவோ பார்த்தவன். சட்டென்று எதற்கும் அசந்துபோகிற ஆள் இல்லை. அந்த அறையில் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஓய்வு பெறும்வரை செங்கல்பட்டில் ரயில் பாதையை ஒட்டி வாடகை வீட்டில் இருந்தோம். ஒரு பக்கம் ரயில், இன்னொரு பக்கம் கல்யாண மண்டபம். அதனால் எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. போனில் நலம் விசாரித்தால்கூட எதிர்முனையில் இருப்பவர் சண்டை என்று நினைத்துக்கொள்வார். என் அப்பா காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர். நமக்கென்று ஒரு வீடு, அதுவும் சத்தமே இல்லாத இடத்தில், என்பது என் நெடுநாள் ஆசை. திருப்போரூர் பக்கம் மனை போட்டு விற்ற இடத்தில் அந்த வீட்டைக் கட்டினேன். சுற்றிலும் நாலைந்து வீடுகள், மற்றதெல்லாம் கல் நட்ட காலி மனைகள். வந்து போகிறவர்களிடமெல்லாம், "எங்க வூட்ல எறும்பு நடந்தா கூட கேக்கும்" என்று பீற்றிக்கொண்டேன்.

ஐப்பசியில் குடிவந்தோம். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது கரண்ட் போனது. ஃபேன் நின்றது, ஃப்ரிட்ஜ் அடங்கியது. அப்போதுதான் கேட்டேன். 'ங்ஙீ' என்று விடாமல் ஒரே சீராக ஒரு சத்தம். சில்வண்டு என்றுதான் முதலில் நினைத்தேன். கட்டிலை இழுத்துப்போட்டுத் தேடினேன். பீரோவுக்குப் பின்னால் மருந்து அடித்தேன். என் மனைவிதான் தும்மித் தும்மி ஓய்ந்தாளே தவிர வண்டு ஓயவில்லை. கரண்ட் வந்தும் ஓயவில்லை. சரி, மீட்டர் பெட்டியில்தான் கோளாறு என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவர் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னா சார் சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் குளிக்கும்போது காதுக்குள் சோப்பு நுரை போய்விட்டது. இரண்டு காதையும் விரலால் அடைத்தேன். வெளிச்சத்தம் எல்லாம் நின்றது. அது மட்டும் கூடியது. அப்போதுதான் விளங்கியது. வண்டும் இல்லை, மீட்டரும் இல்லை. சத்தம் எனக்குள்ளேதான் இருந்தது.  வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பழைய பேருந்துகளில் என்ஜின் டிரைவருக்கு இடதுபக்கம், முழங்கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆயுளில் பாதியை அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினேன். இடது காதில்தான் சத்தம் அதிகம். வெளியே இரைச்சல் இருந்தவரை அது தெரியவில்லை, அமைதியான வீட்டுக்கு வந்ததும் தலையைத் தூக்கியது. ஆசை ஆசையாகக் கட்டிய வீட்டில் ஒரு மணி நேரம் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. டிரைவர்களைக் கேட்டால் காரணம் புரியும். கண்ணிலோ காதிலோ குறை என்று வாயைத் திறந்தால் மெடிக்கலுக்கு அனுப்புவார்கள், ஸ்டியரிங்கை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று பயந்து பயந்தே வேலை பார்த்தவர்கள் நாங்கள். ஒவ்வொரு கண் பரிசோதனைக்கும் முன்னால் ஒருவரை ஒருவர் எழுத்துப் பலகையை மனப்பாடம் பண்ண வைத்த கதையெல்லாம் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு யார் என்னை எங்கிருந்து இறக்கப் போகிறார்கள்? ஆனாலும் பழகிய பயம் அவ்வளவு சுலபத்தில் போகவில்லை. போதாக்குறைக்கு எலெக்ட்ரீஷியன் பார்த்த பார்வை வேறு. 'பெருசுக்கு மூளை கலங்கிடுச்சி' என்று சொல்லிவிடுவார்களோ என்று உள்ளூர உதறல்.

சத்தத்தைச் சத்தத்தால் அடக்கலாம் என்று நானாகவே கண்டுபிடித்தது தண்ணீர் மோட்டார் பக்கத்தில் நின்றபோதுதான். மோட்டார் ஓடினால் காதுச் சத்தம் அதில் மறைந்துவிடும். அப்புறமென்ன, பொழுதுக்கும் மோட்டாரைப் போட்டேன். டேங்க் வழிந்து மாடிப்படியில் அருவி கொட்டும்.

"இன்னாயா, ஊருக்கே குளிப்பாட்டி வுடப்போறியா? மோட்டார நிறுத்து!" என்று மனைவி கத்துவாள். அவள் கத்துவதும் எனக்கு நல்லதாகத்தான் இருந்தது.

அடுத்தது பஸ். திருப்போரூரில் ஏறுவேன். மாமல்லபுரம் போவேன், இறங்கி அடுத்த வண்டியில் திரும்புவேன். எப்போதும் என்ஜினை ஒட்டிய சீட்தான். பழைய சகாக்கள் விடுவார்களா? "இன்னா அண்ணாத்த, ரிட்டயர்டு ஆகியும் வண்டி மேல ஆசை வுட்லியா? வூட்ல அண்ணி தொரத்திட்டாங்களா?" என்று கலாய்ப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே, "உனுக்கு ஓட்டத் தெரியுதான்னு பாக்க வந்தேன்டா" என்பேன்.

ஒரு நாள் மாமல்லபுரத்தில் திரும்பும் வண்டி தாமதமானது. சும்மா நிற்பானேன் என்று கடற்கரைக்கு நடந்தேன். எத்தனையோ வருடம் அந்த ஊருக்கு ஆட்களைக் கொண்டு இறக்கியிருக்கிறேன், கடலுக்கு என்று நான் போனதில்லை. டீ குடித்துவிட்டு வண்டியைத் திருப்புவதோடு சரி. கூட்டத்தைத் தாண்டி, படகுகள் ஏற்றி வைத்திருக்கும் பக்கம் போய் மணலில் உட்கார்ந்தேன். பெரிய அலை கூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, காதில் சத்தம் இல்லை. மோட்டாரும் என்ஜினும் அதை அமுக்கி உட்கார வைக்கும், அவ்வளவுதான். கடலோ அதைத் தனக்குள்ளேயே எடுத்துக்கொண்டது. தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மாதக்கணக்கில் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்த தோள் இரண்டும் தானாக இறங்கின. இவ்வளவு பெரிய கடல் என் ஒருவன் காதுக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறதே என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷர்.

இந்த நிலையில்தான் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மாப்பிள்ளைக்கு பெங்களூரில் வேலை என்பதால் வாரக் கடைசியில்தான் வருவார். பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. என் உள்ளங்கையில் அடங்குகிற தலை. அதைப் பார்த்த நாளில் காதுச் சத்தத்தைச் சுத்தமாக மறந்தே போனேன்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் குழந்தையின் காதைப் பரிசோதித்தார்கள். இப்போதெல்லாம் பிறந்த குழந்தைக்கே பார்த்துவிடுகிறார்கள். வலது காது சரி, இடது காதில் தேறவில்லை என்றார்கள். "பிரசவத் தண்ணி உள்ள தங்கியிருந்தா கூட இப்படிக் காட்டும். பயப்படாதீங்க, ஒரு மாசம் கழிச்சு மறுபடியும் பாக்கலாம்" என்று நர்ஸம்மா நல்லவிதமாகத்தான் சொன்னார். மகளுக்கு முகம் செத்துவிட்டது. என் கை தானாக என் காதுக்குப் போனது. இடது காது! என் காதின் கோளாறுதான் பிள்ளைக்கும் இறங்கிவிட்டதோ என்று ஒரு நினைப்பு. யாரிடம் கேட்பது? கேட்டால் என் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் ஆளாளுக்குத் திருட்டுத்தனமாகச் சோதித்துக்கொண்டிருந்தோம். என் மனைவி குழந்தையின் தலைமாட்டில் நின்று டம்ளரைத் தட்டிப் பார்ப்பாள். நான் ஜன்னலுக்கு வெளியே ஸ்கூட்டர் ஹாரனை அடித்துவிட்டு ஓடிவந்து முகத்தைப் பார்ப்பேன். சில நேரம் கண் சிமிட்டும், சில நேரம் கொட்டாவி விடும். கொட்டாவியை வைத்து, எந்தக் காதில் கேட்டது என்று என்ன முடிவுக்கு வருவது?

இந்தச் சோதனை நேரம் போக மற்ற நேரமெல்லாம் வீட்டில் ஊரடங்குதான். பச்சைப்பிள்ளை தூங்க வேண்டும் என்று மனைவி சட்டம் போட்டாள். டிவி கூடாது, மிக்ஸி கூடாது, மோட்டார் அவள் சொல்லும்போது மட்டும். காலிங் பெல் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். குழந்தைக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்று ஃபேனும் நின்றது. ஜன்மத்தில் மெதுவாகப் பேசி அறியாத எங்கள் குடும்பம் கையால் ஜாடை காட்டிப் பேசியது. எனக்குக் காதுக்குள் ரயில் ஓடியது. குழந்தை வீறிட்டு அழுதால் எல்லாரும் பதறுவார்கள், எனக்கு மட்டும் அப்பாடா என்று இருக்கும். ஓடிப்போய்த் தூக்கிக்கொள்வேன். அது அழுகையை நிறுத்தி வீடு அடங்கினால் என்னால் இருக்க முடியாது, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன்.

அந்தக் குழந்தையும் தூங்கியதா என்றால் அதுவும் இல்லை. மடியில் கண்ணை மூடும், படுக்கையில் கிடத்தி, எல்லாரும் பூனை மாதிரி வெளியே வந்து கதவைச் சாத்தியதும் அலறும். மகள் சரியாகத் தூங்கி வாரக்கணக்காகிவிட்டது. ஒரு நாள் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளே அவள் அம்மாவிடம் கிசுகிசுத்தது காதில் விழுந்தது.

"நைனாக்கு பாப்பாவ புடிக்கலியாம்மா? காதுல குறைன்னு சொன்னதுலருந்து வூட்ல ஒக்காரவே மாட்டேங்குறாரு. நான் எங்க மாமியார் வூட்டுக்கே போயிடறேன்."

எறும்பு நடந்தாலும் கேட்கும் வீடாயிற்றே, நன்றாகக் கேட்டது. ஒரு செருப்போடு அப்படியே நின்றேன். உள்ளே போய், 'இல்லம்மா கண்ணு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என் காதுக் கதையையும் சொல்ல வேண்டிவருமே. கோபம் வேறு, யார் மேல் என்று தெரியாத கோபம். பஸ்ஸுக்கும் போகாமல், திரும்பி வந்து ஹாலில் கல்லாட்டம் உட்கார்ந்துவிட்டேன்.

மறு பரிசோதனைக்கு நாள் வந்தது. செங்கல்பட்டில் ஒரு மாடியில், காது பரிசோதனை செய்கிற இடம். ஏசி கார் பிடித்தோம். கண்ணாடியை ஏற்றிவிட்டால் கார் ஓடுகிற சத்தமே இல்லை, அப்படி ஒரு புது வண்டி. குழந்தை வழி முழுக்க அழுதது. அங்கே போயும் அழுதது. பரிசோதனை செய்கிற பெண் சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. வெகுநேரம் காத்திருந்து பார்த்தார். "குழந்தை அழுதா கருவியால ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாதும்மா. நல்லாத் தூங்கணும், ரூமும் அமைதியா இருக்கணும். இன்னொரு நாள் தூங்க வச்சுக் கொண்டு வாங்க" என்றார்.

மகள் மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். தூங்காத பிள்ளையைத் தூங்க வைத்துக் கொண்டு வா என்றால் அவள்தான் என்ன செய்வாள்? என் மனைவி, "கர்த்தர் பாத்துப்பாரு, எழுந்திரு" என்று அவள் தலையைத் தடவினாள்.

அடுத்த நாள் காலையில் டேங்க் காலி. மனைவியே மோட்டாரைப் போடச் சொன்னாள். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அழுகையோடு அழுகையாகத் தோட்டத்துப் பக்கம் போய் சுவிட்சைத் தட்டினேன். மோட்டார் இரைந்தது. என் காது அடங்கியது. தோளில் இருந்த அழுகையும் அடங்கியது. திரும்பிப் பார்க்கிறேன், குழந்தை கண்ணை மூடிக்கொண்டு வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு தூங்குகிறது! மோட்டாரை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் முகம் சுருங்கியது, சிணுங்கியது. மறுபடி போட்டேன். மறுபடி தூக்கம். எனக்குப் புல்லரித்துவிட்டது. என்னடா இது, எனக்கு எது வேண்டுமோ அதுதான் இதற்கும் வேண்டியிருக்கிறதே! அப்படியென்றால் இதற்குக் காது கேட்கிறது. அடுத்த நொடியே, நல்ல வலது காதில் மட்டும்தான் கேட்டதோ, இல்லை வெறும் அதிர்வுதான் உடம்பில் தெரிந்ததோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

உள்ளே போய், "நாளைக்கே செங்கல்பட்டு போறோம். பஸ்ஸுல போறோம்" என்றேன்.

மனைவி சாமியாடாத குறை. "உனுக்கு இன்னா பைத்தியமா? பச்சப்புள்ளைய அந்தத் தகர டப்பால போட்டு குலுக்கினு போவியா?" என்றாள்.

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன தோன்றியதோ, "போலாம்மா. நைனா சொல்றாரு இல்ல" என்றாள்.

என்ஜினுக்கு நேர் பின்னால் இல்லாமல் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தோம். காலை நெரிசல் முடிந்து கூட்டம் குறைந்த வண்டி. டிரைவர் பழக்கமானவர், "மெதுவா போடா, குழந்தை கீது" என்று சொல்லி வைத்தேன். வண்டி நகர்ந்து இரண்டாவது கியர் விழுந்தபோது அழுகை நின்றது. மூன்றாவதில் கண் சொக்கியது. திருப்போரூர் தாண்டுவதற்குள் குழந்தை அடித்துப் போட்ட மாதிரித் தூங்கிவிட்டது. பின்னால் கறிகாய் மூட்டை உருள்கிறது, ஒரு அம்மாள் கண்டக்டரிடம் சண்டை பிடிக்கிறாள், ஹாரன் அலறுகிறது. எதற்கும் அசையவில்லை. எதற்கும் அசையவில்லையே என்று மகளும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்டிருந்தால் விழித்திருக்காதோ, வலது காதும் கேட்கவில்லையோ என்று அவர்களுக்குள் ஓடியது எனக்குத் தெரிந்தது. எனக்கும் அதேதான் ஓடியது.

செங்கல்பட்டு கடைத்தெரு இரைச்சலில் தூக்கம் கலையாமல் மாடிவரை வந்துவிட்டோம். பரிசோதனை அறை தடித்த கதவு போட்ட சின்ன அறை. குழந்தை என் மார்மேல் கிடந்தது. கை மாற்றினால் விழித்துவிடும் என்று, "அப்படியே நீங்களே உட்காருங்க ஐயா, அசையாதீங்க, பேசாதீங்க" என்று அந்தப் பெண் சைகை காட்டினார். கதவைச் சாத்தினார்.

அந்த அமைதி! என் வீட்டு அமைதியெல்லாம் அதற்கு முன் சந்தைக்கடை. சுவர் சத்தத்தை உறிஞ்சிவிடுகிற அறை அது. என் காது வெறிபிடித்த மாதிரிக் கத்தத் தொடங்கியது. அதற்கு முன்னும் அப்படிக் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எழுந்து ஓட வேண்டும்போல் கால் பரபரத்தது. முதுகெல்லாம் வியர்வை. மார்மேல் குழந்தையின் முகம் லேசாகச் சுருங்கியது. அமைதி அதற்கும் ஆகவில்லை. நான் மூச்சை இழுத்து ஆழமாக, மெதுவாக விட்டேன். அது மட்டும்தான் என்னால் முடிந்தது. என் மூச்சும் நெஞ்சு அடிப்பதும் அதன் காதுக்கு நேராக இருந்தன. சுருங்கிய முகம் விரிந்தது. இப்போது நான் அசைந்தால் எல்லாம் போச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் மெத்தென்ற முனையுள்ள சின்னக் கருவியை முதலில் வலது காதில் வைத்தார், பிறகு குழந்தையின் தலையை மெல்லத் திருப்பி இடது காதில் வைத்தார். திரையைப் பார்த்தார். முனையை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். ஏன் மறுபடி? மகள் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தப் பெண் நிமிர்ந்து, சத்தமே இல்லாமல் சிரித்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

வெளி அறைக்கு வந்ததும் மகள் குழந்தையை வாங்கி முத்தமாகப் பொழிந்தாள். மனைவி சுவரில் சாய்ந்து கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள். நான்தான் கேட்டேன், "தூங்குற புள்ளைக்கு கேக்குதுன்னு எப்டிம்மா கண்டுபுடிச்சீங்க? அது கைய தூக்குனுச்சா, தலைய ஆட்டுச்சா?"

அவர் சொன்னார்: "நாம ஒரு சின்ன சத்தத்தைக் காதுக்குள்ள அனுப்புறோம் ஐயா. நல்லா வேலை செய்ற காது, பதிலுக்குத் தானும் ஒரு சத்தம் கொடுக்கும். ரொம்ப ரொம்ப மெல்லிசு, பக்கத்துல காதை வச்சாலும் நமக்குக் கேக்காது. இந்தக் கருவியில ஒரு குட்டி மைக் இருக்கு, அதுக்குத்தான் கேக்கும். உங்க பேத்தியோட ரெண்டு காதும் பதில் சொல்லிடுச்சு."

எனக்கு அப்படியே மயிர்க்கூச்செறிந்தது. காது கேட்கும் என்றுதான் இத்தனை நாள் தெரியும். காது பேசுமா? தூங்குகிற பிள்ளைக்குள், அதற்கே தெரியாமல், 'வந்துச்சு, கேட்டேன்' என்று ஒரு குரல் போய்க்கொண்டிருக்குமா? வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தவன், எதையும் யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"அப்போ என் காதுல எந்நேரமும் கத்திகினு கீதே, அது எந்தக் கணக்கும்மா?"

அறையில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் மூடி வைத்தது ஒரு கேள்வியில் வெளியே வந்துவிட்டது. இனி மறைத்து என்ன? வண்டு தேடியதிலிருந்து மாமல்லபுரம்வரை எல்லாவற்றையும் கொட்டினேன். மகள் குழந்தையை அணைத்தபடியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதான் பாப்பா தூங்கினா ஓடிப்போயிடுவியா? நான் இன்னான்னமோ நெனச்சிட்டனே நைனா" என்று என் தோளில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். நானும் வெட்கத்தை விட்டு அழுதேன். மனைவி மட்டும் அழுதுகொண்டே திட்டினாள். "டேங்கு டேங்கா தண்ணிய வழியவுட்டியே, வாயத் தொறந்து சொன்னா இன்னாயா?"

அந்தப் பெண் எங்களைத் தேற்றினார். குழந்தையின் காதுக்கும் என் காதுக்கும் சம்பந்தமே இல்லை என்று முதலில் அடித்துச் சொன்னார். பிறகு அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். காதுக்கு உள்ளே மயிரிழை போன்ற நுண்ணிய உயிரணுக்கள் இருக்கின்றனவாம். வருடக்கணக்கில் என்ஜின் சத்தம் பட்டு என்னுடையதில் கொஞ்சம் சேதம். அங்கிருந்து வரவேண்டிய சேதி குறைந்துபோக, மூளை தன் பக்கத்து வால்யூமை ஏற்றிவைத்துக்கொண்டு தேடுகிறது. அந்தத் தேடல்தான் எனக்கு இரைச்சலாகக் கேட்கிறது. வீடு அமைதியாக அமைதியாக அது பெரிதாகத் தெரியும். பைத்தியம் இல்லை, பலருக்கும் உண்டு என்றார். காது டாக்டரிடமும் காட்டச் சொன்னார், காட்டினேன்.

மோட்டாரும் என்ஜினும் வேண்டவே வேண்டாம், மிச்சமிருக்கிற காதையும் கெடுத்துவிடும் என்றார். மெல்லிய, இதமான சத்தம் ஒன்றை வீட்டில் ஓடவிட வேண்டும். அதுவும் இரைச்சலை மூழ்கடிக்கிற மாதிரி இல்லை, அதற்குக் கொஞ்சம் கீழேயே இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கேட்டுக் கேட்டு, இது ஆபத்தான சத்தம் இல்லை என்று மூளை மெல்ல மெல்லக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுமாம்.

"குழந்தைக்கும் அப்படித்தான். அம்மா வயித்துக்குள்ள அமைதியே கிடையாது. ரத்தம் ஓடுற சத்தம், இதயம் துடிக்கிற சத்தம், எந்நேரமும் அலை மாதிரி இரைஞ்சுகிட்டே இருக்கும். அதுல வளர்ந்த பிள்ளையைத் திடீர்னு அமைதியில போட்டா மிரளத்தானே செய்யும்?" என்றார். குழந்தைக்கு வைக்கும் சத்தம் இன்னும் மெல்லியதாக, தொட்டிலுக்குத் தள்ளியே இருக்க வேண்டும் என்றும் எச்சரித்தார்.

"அய்யோ கர்த்தரே, அப்ப நாந்தான் உஷ்ஷு உஷ்ஷுன்னு சொல்லி பாப்பாவ தூங்கவுடாம பண்ணிட்டனா?" என்று மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். அழுதுகொண்டிருந்த நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம்.

வீட்டில் சரியான சத்தம் கிடைக்கச் சில நாள் ஆனது. ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ இரைச்சலை வைத்துப் பார்த்தோம், அடுப்பில் வடை போடுகிற மாதிரி இருந்தது. மகள் போனில் மழைச் சத்தம் போட்டாள், எனக்கு ஓயாமல் பாத்ரூம் போக வந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மாப்பிள்ளையும் நானும் மாமல்லபுரம் போய், படகுகள் இருக்கும் அந்தப் பக்கத்தில் கடலைப் பதிவு செய்து வந்தோம். வெகுநேரம் பேசாமல் நிற்க வேண்டியிருந்தது, மாப்பிள்ளை நடுவில் ஒரு தும்மல் போட்டுவிட்டார். அந்தத் தும்மலோடுதான் இன்றைக்கும் எங்கள் ஹாலில் கடல் ஓடுகிறது. மெல்ல, பேச்சுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஃபேனும் சுற்றுகிறது. குழந்தை தூங்குகிறது. நானும் தூங்குகிறேன்.

இரைச்சல் போய்விடவில்லை. பொய் சொல்வானேன், இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் பயம் போய்விட்டது. சில நாள் அது இருப்பதே சாயங்காலம்தான் நினைவுக்கு வருகிறது.

பேத்திக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. மதியத்தில் அவள் என் மார்மேல் கவிழ்ந்து தூங்கும்போது, குனிந்து அவள் இடது காதோடு என் காதை வைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் கேட்காது என்று தெரியும். என் காதோ வராத சேதியைத் தேடிக் கத்துகிறது. அவள் காதோ இந்த வீட்டின் ஒவ்வொரு சத்தத்துக்கும், தூக்கத்திலும், யாருக்கும் கேட்காமல் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கும்போது, தொழுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி அசையாமல் இருந்துவிடுகிறேன்.